ஃபியூஸ் போனால் திட்டாதீர்கள்!

"அவனா? அவன் ஃபியூஸ் போன பல்புப்பா!"

தமிழ்நாட்டில் ஒருவரை மட்டம் தட்ட இதைவிடச் சுருக்கமான வசை கிடைப்பது கஷ்டம். கரண்ட் பில் கட்ட மறந்த வீட்டைப் பற்றிப் பேச்சு வந்தால், "பீஸைப் புடுங்கிட்டுப் போயிட்டாங்க" என்பார்கள். மொத்தத்தில் இந்த ஊரில் ஃபியூஸ் என்றாலே தோல்வி, அவமானம், இருட்டு!

பாவம் அந்த ஃபியூஸ். வீட்டில் இருக்கும் அத்தனை மின்சாதனங்களிலும், மற்றவற்றைக் காப்பாற்றுவதற்காகத் தான் அழிந்து போகும்படி செய்யப்பட்ட பொருள் அது ஒன்றுதான். அதற்குக் கிடைக்கும் மரியாதையைப் பாருங்கள். ஒரு மே மாதத்து ராத்திரி. ஏசி ஓடுகிறது, ஃபிரிட்ஜ் ஓடுகிறது, யாரோ அயர்ன் பாக்ஸையும் போடுகிறார்கள். "பட்" என்று ஒரு சத்தம். வீடு முழுக்க இருட்டு. தெருமுனை எலக்ட்ரீஷியன் டார்ச்சோடு வருகிறார்.

"என்னக்கா, மறுபடியும் போயிருச்சா?"

"ஆமாப்பா, இந்த வாரத்துல மூணாவது தடவை. இந்தத் தடவை கொஞ்சம் தடிமனா போட்டு விட்டுருப்பா."

"போட்டுட்டாப் போச்சுக்கா. இனிமே போகவே போகாது பாருங்க."

உண்மைதான், இனிமேல் போகாது. அன்றைக்கு ராத்திரியிலிருந்து அந்த வீட்டில் காவல்காரர் கிடையாது என்பது மட்டும் யாருக்கும் தெரியாது.

இரண்டு மதிப்பெண் கேள்வி

"மின் உருகி என்றால் என்ன?" பத்தாம் வகுப்பில் எல்லோரும் படித்ததுதான். குறைந்த உருகுநிலை கொண்ட கம்பி, அளவுக்கு மேல் மின்னோட்டம் பாய்ந்தால் உருகிச் சுற்றைத் துண்டிக்கும். எழுதினோம், இரண்டு மதிப்பெண் வாங்கினோம், மறந்தோம்.

அந்தப் பாடத்தில் இன்னொரு வரியும் இருந்தது. கம்பியில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்ற ஜூல் விதி. அதாவது மின்னோட்டம் இரண்டு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்கு. மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு! வீட்டுச் சுவருக்குள் ஓடும் சாதாரண பி.வி.சி. வயரின் மேலுறை தாங்குவதற்கென்று வகுக்கப்பட்ட வெப்பநிலை 70 டிகிரி செல்சியஸ். அதற்கு மேல் தொடர்ந்து சூடேறினால் உறை இளகும், கருகும், விரிசல் விடும். கடைசியில் உள்ளே இருக்கும் செம்பு வெளியே தெரியும்.

சுவருக்குள், ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே, பீரோவுக்குப் பின்னால் இது நடந்தால் யார் பார்ப்பார்கள்? யாரும் பார்க்க மாட்டார்கள். அதனால்தான் கண்ணுக்குத் தெரிகிற ஓர் இடத்தில், பீங்கான் கட்டைக்குள், வேண்டுமென்றே ஒரு மெல்லிய கம்பி வைக்கப்படுகிறது. சூடு அதிகமானால் முதலில் உருகுவது அதுவாக இருக்கட்டும் என்பது ஏற்பாடு. எடிசன் தன் மின் விநியோக முறைக்காக 1890-இல் ஃபியூஸுக்குக் காப்புரிமை வாங்கினார். கண்டுபிடிப்பு பழையது, யோசனை ரொம்ப எளிது. ஆனால் ஒரே ஒரு நிபந்தனை இருக்கிறது. ஃபியூஸ் கம்பி சுவருக்குள் இருக்கும் வயரைவிட முன்னதாக உருக வேண்டும்.

தடிமனாகப் போட்டால் என்ன ஆகும்?

5 ஆம்பியர் ஃபியூஸுக்கு ஈயம் பூசிய செம்புக் கம்பி ஏறக்குறைய 0.2 மில்லிமீட்டர் தடிமன் இருக்க வேண்டும். 15 ஆம்பியருக்கு 0.5 மில்லிமீட்டர். தலைமுடி கணக்காக இருக்கும் இந்தக் கம்பியைக் கடையில் கேட்டு வாங்குபவர் குறைவு. கையில் கிடைக்கும் ஒரு துண்டு ஃபிளெக்சிபிள் வயரைப் பிரித்து, உள்ளே இருக்கும் இழைகளில் நாலைந்தை எடுத்து முறுக்கிப் போடுவதுதான் வழக்கம். ஓர் இழையே ஏறக்குறைய 5 ஆம்பியர் கணக்குக்கு வரும். நாலு இழை முறுக்கினால்? மூன்று நான்கு மடங்கு!

இதில் இன்னொரு விஷயமும் உண்டு. கம்பி மாற்றிப் போடும் இந்த வகை ஃபியூஸ், எழுதியிருக்கும் அளவைத் தாண்டிய உடனே உருகாது. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஓடும்போதுதான் சீக்கிரமாக உருகும். அதாவது அது ஏற்கெனவே கொஞ்சம் தாராளமான காவல்காரர். அவரும் பொறுக்க முடியாமல் கத்துகிறார் என்றால் வீட்டில் எவ்வளவு சுமை ஏறியிருக்கிறது என்று யோசிக்க வேண்டும். யோசிப்பதற்குப் பதில் அவர் வாயைப் பொத்தினால், அடுத்து உருகப் போவது சுவருக்குள் இருக்கும் வயர்தான். வீடே ஃபியூஸ் ஆகிவிடும்.

சுமைக் கணக்கு ஒன்றும் பெரிய வித்தை இல்லை. வாட்டை 230-ஆல் வகுத்தால் ஏறக்குறைய ஆம்பியர் வந்துவிடும். 2000 வாட் கீசர் என்றால் 8.7 ஆம்பியர். 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பும் அதே 8.7. 1000 வாட் அயர்ன் பாக்ஸ் 4.3. 750 வாட் மிக்ஸி 3.3. இப்போது சமையல் மேடையில் இருக்கும் 6 ஆம்பியர் பிளக் பாயிண்டில் ஓர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸைச் சொருகி, அதில் அடுப்பையும் மிக்ஸியையும் ஒன்றாக ஓட்டுங்கள். 12 ஆம்பியர்! "பாக்ஸ்ல நாலு ஓட்டை இருக்கு, அப்ப நாலு மெஷின் போடலாம்" என்பதுதான் பெரும்பாலான வீடுகளின் கணக்கு. ஓட்டைகளின் எண்ணிக்கை வயருக்குத் தெரியாது.

பிரிட்டனில் 1947-இல் வெளியான தரத்தின்படி ஒவ்வொரு பிளக்குக்குள்ளும் ஒரு சின்ன ஃபியூஸ் இருக்கிறது. மேஜை விளக்கு என்றால் 3 ஆம்பியர், ஹீட்டர் என்றால் 13 ஆம்பியர். ஒவ்வொரு சாதனத்துக்கும் தனிக் காவல். இந்தியாவில் புழங்கும் உருண்டை முள் பிளக் அதற்கு முந்தைய பிரிட்டிஷ் வடிவத்திலிருந்து வந்தது. அதில் பொதுவாக ஃபியூஸ் கிடையாது. ஆகவே இங்கே போர்டில் இருக்கும் அந்த ஒரு கட்டைதான் அந்த லைனில் உள்ள எல்லாவற்றுக்கும் பொறுப்பு. அதையும் கெடுத்துவிட்டால் மிச்சம் ஒன்றுமில்லை.

"அதெல்லாம் பழைய கதை, இப்ப எங்க வீட்ல எம்.சி.பி. இருக்கு" என்று சிலர் நிம்மதியாகச் சொல்வார்கள். நல்ல விஷயம்தான். எம்.சி.பி. உருகுவதில்லை, சுவிட்ச் போல விழுகிறது. மறுபடி தூக்கிவிட்டால் போதும். ஆனால் 16 ஆம்பியர் எம்.சி.பி. அடிக்கடி விழுகிறது என்று அதைக் கழற்றிவிட்டு 32 ஆம்பியர் மாட்டுகிறார்களே, அது என்ன? பழைய தடிமன் கம்பிதான் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறது. எம்.சி.பி.யின் அளவைச் சுவருக்குள் இருக்கும் வயரின் தடிமனை வைத்து முடிவு செய்ய வேண்டும். வீட்டுக்காரரின் எரிச்சலை வைத்து அல்ல.

ஃபியூஸால் முடியாத வேலை

இங்கேதான் பலருக்கும் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. ஃபியூஸ் காப்பாற்றுவது வயரை. மனிதரை அல்ல!

60 வாட் குண்டு பல்பு எடுத்துக்கொள்ளும் மின்னோட்டம் 0.26 ஆம்பியர், அதாவது 260 மில்லி ஆம்பியர். மனித இதயத்தின் துடிப்பைக் குலைத்துப் போட சில பத்து மில்லி ஆம்பியரே போதும். ஈரக் கையும் வெறுங்காலுமாக இருப்பவரின் உடலின் மின்தடை 1000 ஓம் என்று வைத்துக்கொண்டால், 230 வோல்ட்டில் அவர் உடல் வழியே 230 மில்லி ஆம்பியர் பாயும். போர்டில் இருக்கும் ஃபியூஸ் 5 ஆம்பியர், அதாவது 5000 மில்லி ஆம்பியர். ஒருவர் உயிருக்குப் போராடிக்கொண்டிருக்கும்போது, ஃபியூஸுக்கு அது ஏதோ ஒரு குண்டு பல்பு எரிவது போலத்தான் தெரியும். அது அசையாது.

அப்படியானால் மனிதரைக் காப்பது எது? முதலில் எர்த். மூன்று முள் பிளக்கில் மேலே ஒரு முள் மட்டும் நீளமாக, தடிமனாக இருக்கிறதே, கவனித்திருக்கிறீர்களா? சொருகும்போது அது முதலில் தொட வேண்டும், பிடுங்கும்போது கடைசியாக விலக வேண்டும். அதற்காகத்தான் அந்த நீளம். கிரைண்டருக்குள் ஒரு ஃபேஸ் வயர் உரசி இரும்பு உடம்பைத் தொட்டுவிட்டால், எர்த் வயர் வழியே ஏராளமான மின்னோட்டம் மண்ணுக்குப் பாயும். அவ்வளவு பாய்ந்தால் ஃபியூஸ் போகும். கிரைண்டர் நிற்கும். மாவு கிடக்கும், ஆள் பிழைப்பார். எர்த் சரியாக இருந்தால்தான் ஃபியூஸால் மனிதருக்குப் பிரயோஜனம்.

நடைமுறையில் அந்த மூன்றாவது முள்ளுக்கு என்ன நடக்கிறது? இரண்டு முள் கன்வெர்ட்டரை மாட்டி அதை அநாதையாக்குகிறார்கள். அல்லது பிளக்கே இல்லாமல் இரண்டு வயர் நுனியைச் சீவி, துளைக்குள் விட்டு, தீக்குச்சி சொருகி இறுக்குகிறார்கள். பச்சை வயர் மடக்கி டேப் சுற்றி ஓரமாகக் கிடக்கும். "அது சும்மா எக்ஸ்ட்ரா வயர்ங்க!"

எர்த் குழியின் கதை இன்னும் சோகம். வீடு கட்டும்போது கரியும் உப்பும் போட்டுக் குழி எடுப்பார்கள். அதன்பிறகு அதன் மேல் டைல்ஸ் ஒட்டிவிடுவார்கள். கோடையில் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பதே யாருக்கும் நினைவிருக்காது. மண் காய்ந்து எர்த்தின் தடை 20 ஓம் ஆகிவிட்டது என்று வையுங்கள். 230-ஐ 20-ஆல் வகுத்தால் 11.5 ஆம்பியர். 15 ஆம்பியர் ஃபியூஸ் இதற்குப் போகவே போகாது! கீசர் குழாயில் கரண்ட் நின்றுகொண்டே இருக்கும், குளிக்கப் போகிறவருக்காக.

இதற்காகத்தான் ஆர்.சி.சி.பி. வந்தது (கடைகளில் பழைய பெயரில் ஈ.எல்.சி.பி. என்றும் கேட்பார்கள்). ஃபேஸில் போன மின்னோட்டம் முழுவதும் நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று அது ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலும், "எங்கேயோ கசிகிறது" என்று முடிவு செய்து கண் இமைக்கும் நேரத்தில் விழுந்துவிடும். அந்தக் கசிவு சுவர் வழியாகவா, மனிதர் வழியாகவா என்று விசாரித்துக்கொண்டிருக்காது. ஒரு எச்சரிக்கை: ஃபேஸையும் நியூட்ரலையும் ஒன்றாகத் தொட்டால் அதனால் கண்டுபிடிக்க முடியாது. அதிகச் சுமையையும் அது பார்க்காது. ஆகவே எம்.சி.பி. அல்லது ஃபியூஸ், எர்த், ஆர்.சி.சி.பி. மூன்றும் வேண்டும்.

வயரிங் தப்பானால் எல்லாம் தப்பு

இந்த மூன்றையும் வாங்கி மாட்டிவிட்டாலும் வயரிங் சரியில்லை என்றால் காசு தண்டம்.

சுவிட்சை ஃபேஸில் போட வேண்டும். தவறி நியூட்ரலில் போட்டாலும் பல்பு எரியும், அணையும். யாருக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் சுவிட்சை அணைத்த பிறகும் ஹோல்டரில் 230 வோல்ட் காத்துக்கொண்டிருக்கும். "சுவிட்ச் ஆஃப் பண்ணிட்டுத்தானே பல்பை மாத்தினான்!" என்ற அழுகைக்குப் பின்னால் இந்தத் தவறு இருக்கலாம். பழைய வீடுகளில் நியூட்ரலிலும் ஒரு ஃபியூஸ் கட்டை இருக்கும். அது மட்டும் போனால் வீடே செத்தது போல இருக்கும், ஆனால் லைன் முழுக்க உயிரோடு இருக்கும்.

நிறக் குழப்பம் வேறு. நம்மூர் மூன்று ஃபேஸ் வயரிங்கில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் ஃபேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த் என்பது பழகிய வழக்கம். ஆனால் கடையில் வாங்கும் சாதனங்களின் வயரில் பழுப்பு ஃபேஸ், நீலம் நியூட்ரல், பச்சை மஞ்சள் கோடு எர்த். ஓரிடத்தில் ஃபேஸாக இருக்கும் நீலம் இன்னோரிடத்தில் நியூட்ரல்! இது தெரியாமல் "கலரைப் பார்த்து" பிளக் மாட்டுகிறவர்கள் எத்தனை பேர்?

எல்லாவற்றையும்விட ஆபத்தானது லூஸ் கனெக்‌ஷன். சரியாக முறுக்கப்படாத ஓர் இணைப்பில் அரை ஓம் தடை இருக்கிறது, அதில் 10 ஆம்பியர் ஓடுகிறது என்றால், அந்த ஒரு புள்ளியில் 50 வாட் வெப்பம். ரேடியோ ரிப்பேர் கடையில் ஈயத்தை உருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட்தான்! இதில் மின்னோட்டம் கூடுவதே இல்லை என்பதால் ஃபியூஸுக்குச் செய்தியே போகாது.

இதெல்லாம் காகிதக் கணக்கு என்று தோன்றினால், டெல்லி உபஹார் தியேட்டரை நினைத்துப் பார்க்க வேண்டும். 1997 ஜூன் 13. "பார்டர்" படம் ஓடிக்கொண்டிருந்தது. கட்டடத்தின் தரைத்தளத்தில் மின் வாரியத்தின் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று இருந்தது. அன்று காலையிலேயே அதில் தீப்பிடித்து, அவசரமாகப் பழுது பார்க்கப்பட்டது. கேபிளின் முனையை அதற்குரிய கிரிம்பிங் கருவியால் அழுத்திப் பொருத்தாமல் சுத்தியலால் அடித்துப் பொருத்தியதும், இணைப்பு தளர்ந்து தீப்பொறி பறந்து கேபிள் கழன்றதும் பிறகு விசாரணையில் வெளிவந்தன. தானாகத் துண்டித்திருக்க வேண்டிய பாதுகாப்புச் சாதனங்கள் இல்லாததும் அப்போதுதான் தெரிந்தது. டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெய் கசிந்து எரிந்தது. அருகில் நிறுத்தியிருந்த கார்களுக்கும் தீ பரவியது. புகை பால்கனிக்கு ஏறியது. அங்கே வெளியேறும் வழிகள் அடைபட்டிருந்தன. 59 பேர் இறந்தார்கள், நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள்.

அடைபட்ட வழிகளைப் பற்றி நாடே பேசியது. பேச வேண்டியதுதான். ஆனால் அந்தத் தீயின் முதல் பொறி, காலையில் "இப்போதைக்கு இது போதும்" என்று விடப்பட்ட ஓர் இணைப்பிலிருந்து வந்தது. அந்த "இப்போதைக்கு" என்ற சொல்லைத் தெருமுனை எலக்ட்ரீஷியனும் வீட்டுக்காரரும் இன்றும் தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

யார் தலையில் விடிகிறது?

இந்தியாவில் மின்சாரம் தாக்கி இறப்பவர்கள் ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கும் மேல் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குகள் சொல்கின்றன. வெளியே அறுந்து விழும் கம்பிகளும் இதில் அடக்கம். ஆனால் வீட்டுக்குள் நடப்பதைத் தடுப்பது மின்வாரியத்தின் கையில் இல்லை.

வீட்டுக்குள் முதலில் மாட்டிக்கொள்வது யார்? ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று கிரைண்டர் கழுவுகிறவர். பல வீடுகளில் அவர் அம்மா, சில வீடுகளில் வேலைக்கு வரும் அக்கா. வாட்டர் ஹீட்டர் ராடை பிளாஸ்டிக் வாளியில் போட்டுவிட்டுத் தண்ணீர் சுட்டதா என்று விரலை விட்டுப் பார்க்கும் ஹாஸ்டல் பையன். ஃபியூஸ் கட்டை எங்கே இருக்கிறது என்றே தெரியாத வாடகை வீட்டுக்காரர். முடிவெடுப்பவர் ஒருவர், விளைவை அனுபவிப்பவர் இன்னொருவர். அதனால்தான் "என் வீடு, என் ஃபியூஸ்" என்ற பேச்சு எடுபடாது.

"இருபது வருஷமா இப்படித்தான் இருக்கு, ஒண்ணும் ஆகல" என்பார்கள். இருபது வருடத்துக்கு முன் அந்த வீட்டில் ஏசி இருந்ததா? இண்டக்‌ஷன் அடுப்பு இருந்ததா? வயர் மட்டும் அதேதான், அதுவும் இருபது வயது ஏறியபடி.

"செலவு" என்பார்கள். ஓர் ஆர்.சி.சி.பி.க்கும் அதை மாட்டும் கூலிக்கும் ஆவது சில ஆயிரம் ரூபாய். ஹால் சுவருக்கு அடிக்கும் பெயிண்ட் செலவோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

"அதை மாட்டினா சும்மா சும்மா விழுதுங்க, அதான் கழட்டிட்டோம்" என்பவர்களும் உண்டு. மழைக்காலத்தில் ஊறிய சுவர், விரிசல் விட்ட கீசர் காயில் என்று ஏதோ ஒன்று நிஜமாகவே கசிவதால்தான் பெரும்பாலும் அது விழுகிறது. ஒவ்வொரு சாதனமாகப் பிடுங்கிப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். கசிவைத் தேடாமல் கருவியைக் கழற்றுவது, குரைக்கிறதே என்று நாயை அடித்துத் துரத்துவது போலத்தான். திருடனுக்குத்தான் கொண்டாட்டம்.

செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். ஃபியூஸ் போனால் அதே அளவுக் கம்பியையே போடச் சொல்லுங்கள். மறுபடி போனால் ஏன் போகிறது என்று கேளுங்கள். கீசருக்கும் ஏசிக்கும் தனி லைன் போடச் சொல்லுங்கள். மூன்று முள்ளை இரண்டாக்காதீர்கள். ஆர்.சி.சி.பி.யில் இருக்கும் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள், விழவில்லை என்றால் மாற்றுங்கள். லைசென்ஸ் வைத்திருக்கும் எலக்ட்ரீஷியனிடம் எர்த்தை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். வீட்டை வாடகைக்கு விடுபவர்கள் வெள்ளையடிப்பதற்கு முன்னால் இதைச் செய்ய வேண்டும். வாடகைக்குப் போகிறவர்களும் தண்ணீர் வருமா என்று கேட்பது போலவே, எர்த் இருக்கிறதா என்று கேட்கப் பழக வேண்டும்.

அடுத்த தடவை "பட்" என்று சத்தம் கேட்டு வீடு இருண்டால், மெழுகுவர்த்தியைத் தேடிக்கொண்டே திட்ட வேண்டாம். எங்கேயோ சுவருக்குள் ஆரம்பித்திருக்க வேண்டிய ஒரு தீ, பத்துப் பைசாக் கம்பியோடு முடிந்துவிட்டது. மறுபடி அதே கம்பியைப் போடுங்கள். தடிமனாக வேண்டாம்!